பெட்டைத் தாராவா, வேஷம் போட்ட ஆணா?

இரண்டு மாரி முழுக்க, புல்மோட்டைப் பக்கம் கொக்கிளாய்க் களப்பில் கண்ட, வலசை வரும் மண்ணிறத் தாரா அத்தனையையும் கொப்பியில் "பெட்டை" என்று எழுதி வைத்தவன் நான். இவ்வளவு பெட்டைக்கு ஆண் எங்கே என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

சாமான்: 8×42 பைனாகுலர் போதும். பெரிதாகக் காட்டும் என்று 12×50 வாங்காதீர்கள், வாடைக்காற்றில் கை ஆடினால் தாராவும் சேர்ந்து ஆடும். காலையில் கடல் பக்கத்துக் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும். கானல் எழும்பினால் முகத்துக் கோடெல்லாம் கரைந்துவிடும், வீட்டுக்குப் போகலாம்.

படி 1: நிறத்தை விடுங்கள், சொண்டைப் பாருங்கள். அகப்பை மாதிரி அகன்றிருந்தால் அது ஷவலர் என்ற தாரா இனம். முடிந்தது.

படி 2: கழுத்தும் வாலும். நீண்ட கழுத்து, கூர் வால், கோடில்லாத முகம், சாம்பல் சொண்டு என்றால் ஊசிவால். உருண்டைத் தலை, நுனி கறுத்த குட்டைச் சொண்டு, கரையில் மாடு மாதிரிப் புல் மேய்கிறது என்றால் விஜியன்.

படி 3: சின்னத் தாரா இனங்களில் கார்கனியா, டீலா? கார்கனி முகத்தில் கண் வழியே ஒரு கருங்கோடு, கன்னத்தில் இன்னொன்று, சொண்டு தொடங்கும் இடத்தில் பால் தெறித்தது போல ஒரு வெளிர் பொட்டு. டீலுக்கு முகம் அவ்வளவு கோடாக இராது, ஆனால் வாலடியின் பக்கத்தில் ஒரு வெளிர்க் கீற்று ஓடும். டீல் நம் பக்கம் குறைவு, அதனால் முதலில் கார்கனி என்றே சந்தேகியுங்கள்.

படி 4: நான் விழுந்த குழி. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் தாராக்கள் பளிச்சென்ற இறகை உதிர்த்துவிட்டுப் பெட்டை மாதிரி மங்கலாகிவிடும், பறக்கும் இறகுகளும் ஒன்றாக விழுவதால் சில கிழமைகள் பறக்கவும் முடியாது. மற்றத் தாராக்கள் சீக்கிரம் நிறத்துக்குத் திரும்பிவிடும், கார்கனி ஆண் மட்டும் மாரி பாதி கழியும்வரை அந்த வேஷத்தைக் கழற்றாது. ஆக ஐப்பசி, கார்த்திகையில் கூட்டமே பெட்டையாகத் தெரியும். மாறாத ஒன்று செட்டையின் முன்பாதி: ஆணுக்கு வெளிர் சாம்பல்நீலம், பெட்டைக்கு மங்கிய சாம்பல்மண்ணிறம். செட்டை மடித்திருக்கும்போது இது தெரியாது. ஒரு காலை தோணி ஒன்று குறுக்கே போக, கூட்டம் எழும்பியது, என் "பெட்டைகளில்" பாதி தோளில் சாம்பல்நீலத்தோடு பறந்தன. கொப்பியை மூடி வைத்துவிட்டேன், வேறென்ன செய்ய.

அதற்காகக் கல் எறிந்து எழுப்பாதீர்கள். 1951 முதல் அந்தக் களப்பு சரணாலயம், அதோடு அவை வந்த தூரத்தையும் யோசியுங்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் ஒன்றாவது சோம்பல் முறித்துச் செட்டையை விரிக்கும். பறந்தால் ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். விலை கூடிய லென்ஸைவிட எனக்கு அதுதான் உதவியது.

பின்சேர்க்கை: கந்தளாயிலிருந்து ஒருவர், தாமரைக் குளத்தில் கண்கோடு போட்ட சின்னத் தாரா கார்கனியா என்று கேட்டிருந்தார். அது காட்டன் டீல் பெட்டை, மேலே சொன்ன டீல் அல்ல, வேறு இனம். வெளுத்த முகம், ஒரே ஒரு கோடு, குட்டிச் சொண்டு. கார்கனி 40 செ.மீ. அளவு வரும், இது அதைவிடச் சின்னது.

இன்னொருவர் சீழ்க்கைத் தாராவில் பெட்டை எது என்றார். இரண்டும் ஒரே மாதிரி, அதில் நேரத்தை விடாதீர்கள்.