ரகசிய விஎம்-இல் பவுன்ஸ் பஃபர் நிரம்பினால்

ஏஎம்டி எஸ்இவி, இன்டெல் டிடிஎக்ஸ் மாதிரி ரகசிய விஎம்-களில் (விர்ச்சுவல் மெஷின்) கெஸ்ட்டின், அதாவது உள்ளே ஓடும் ஓஎஸ்ஸின், மெமரி என்க்ரிப்ட் ஆகியிருப்பதால் விஎம்-களை ஓட்டும் ஹைப்பர்வைசருக்குப் புரியாது. ஆனால் டிஸ்க்கும் நெட்வொர்க்கும் ஹைப்பர்வைசர் வழியாகத்தானே வரவேண்டும்? அதனால் லினக்ஸ் கர்னல் ஸ்வியோடிஎல்பி என்ற பொதுத் திண்ணையை (ஹைப்பர்வைசரும் படிக்கக்கூடிய மெமரி, இதுதான் பவுன்ஸ் பஃபர்) ஒதுக்கி, போகிற வருகிற டேட்டாவையெல்லாம் அங்கே ஒருமுறை காப்பி அடிக்கிறது.

திண்ணை சிறிதானால் லோடு ஏறும்போது கர்னல் லாகில் 'பஃபர் ஃபுல்' என்று கத்தும். வழக்கமான அளவு 64 எம்பி. எஸ்இவி கெஸ்ட் என்றால் மொத்த ரேமில் 6 சதவீதம், அதிகபட்சம் 1 ஜிபி. முதலில் டீபக்எஃப்எஸ்-இல் (கர்னலின் உள்நிலையைக் காட்டும் ஃபைல் சிஸ்டம்) திண்ணையின் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு ஸ்லாட் 2 கேபி, ஆகவே கர்னலின் பூட் வரியில் ஸ்வியோடிஎல்பி மதிப்பை 262144 என்று கொடுத்தால் 512 எம்பி. எம்பி கணக்கென்று நினைத்து 512 என்று போட்டுவிடாதீர்கள், அது வெறும் 1 எம்பி!

டிரைவர் எழுதுபவரா? அப்படியானால் மெமரிப் பக்கத்தை ஹைப்பர்வைசருக்கும் பொதுவாக்கிய பிறகே அதில் பூஜ்யம் எழுதுங்கள், முன்பு எழுதியது மாற்றத்துக்குப் பின் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. சின்னச் சின்னதாக மாற்றாமல் 2 எம்பி துண்டாக மொத்தமாக மாற்றினால் பேஜ் டேபிள் (மெமரி முகவரி அட்டவணை) சின்னத் துண்டுகளாக உடைவதும் குறையும். அப்புறம், திரும்ப ரகசியமாக்கும் அழைப்பு தோற்றால் அந்தப் பக்கத்தை மெமரியைப் பங்கிடும் அலொகேட்டரிடம் திருப்பிக் கொடுக்கவே கூடாது. லீக் ஆகட்டும், விடுங்கள். நாளைக்கு அதே பக்கத்தில் யாரோ ஒருவரின் சாவி உட்கார்ந்தால் ஹைப்பர்வைசர் சாவகாசமாகப் படித்துக்கொள்ளும்.