லூகர் வாங்கி சுடணுமா? முதல்ல நம்பரைப் பாருங்க

அமெரிக்காவுல பழைய மிலிட்டரி பிஸ்டல் சேர்க்கணும்னு இறங்குறவங்களுக்கு எப்படியும் ஒரு நாள் ஜெர்மன் லூகர் பி08 மேல ஆசை வந்துரும். 1908-ல ஜெர்மன் ராணுவம் எடுத்துக்கிட்ட துப்பாக்கி, சுடும்போது மேல முழங்கால் மாதிரி மடங்கி எழும்புற அந்த டாகிள் இருக்கே, அதுக்காகவே வாங்கலாம். ஆனா காசு கொடுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு முடிவு பண்ணுங்க, பெட்டியில வெச்சு பாதுகாக்கவா, ரேஞ்சுல சுடவா? தயவுசெஞ்சு ரெண்டுக்கும் ஒரே துப்பாக்கிய வாங்காதீங்க.

ஏன்னா லூகர்ல நம்பர்தான் எல்லாமே. ஃபிரேம் (பிடியோட இருக்குற கீழ் பாகம்), ரிசீவர் (பேரலும் டாகிளும் சேர்ற மேல் பாகம்), பேரல் மேல முழு சீரியல் நம்பர் இருக்கும், சின்னச் சின்ன பார்ட்ஸ்ல கூட அதோட கடைசி 2 இலக்கம் அடிச்சிருப்பாங்க, எல்லாம் ஒத்துப்போனா விலை எங்கயோ போயிரும், அப்படிப்பட்டத எடுத்துட்டுப்போய் சுட்டு ஒரு எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவ பிடிச்சு வெளிய இழுக்குற கொக்கி) உடைஞ்சா வேற பார்ட் போட்டு சுடலாம்தான், ஆனா அந்த மேட்சிங் திரும்ப வரவே வராது. அதனால சுடுறதுக்கு நம்பர் ஒத்துப்போகாதத வாங்குங்க. ரெண்டாம் உலகப்போர்ல ரஷ்யாக்காரங்க கைப்பத்தி, கலந்து கட்டி, மறுபடி ப்ளூயிங் (இரும்புக்கு துரு பிடிக்காம இருக்க குடுக்குற கருநீலப் பூச்சு) பண்ணின லூகர் நிறைய வந்திருக்கு, கலெக்டர்ஸ் அத பெருசா மதிக்க மாட்டாங்க, நமக்கு அதுதான் சரி.

கலெக்ஷனுக்குன்னா பாலிஷ் போட்டதான்னு உத்துப் பாருங்க. ஓரமெல்லாம் மழுங்கி, எழுத்து மங்கி, பின் (சின்ன ஆணி) போடுற ஓட்டை குழிஞ்சு பளபளன்னு இருந்தா நான் தொடவே மாட்டேன். தேய்ஞ்ச பழைய ப்ளூயிங் எவ்வளவோ மேல்.

லைசென்ஸ் பெரிய தலைவலி இல்ல. 50 வருஷம் தாண்டின துப்பாக்கிகளுக்கு அமெரிக்க மத்திய அரசோட துப்பாக்கி லைசென்ஸ் துறையான ஏடிஎஃப் டைப் 03 கலெக்டர் லைசென்ஸ் தருது, 3 வருஷத்துக்கு 30 டாலர். வேற ஸ்டேட்ல இருந்தும் நேரா வீட்டுக்கே வரவழைக்கலாம், ஆனா வாங்குறது விக்கிறது எல்லாத்தையும் ரிஜிஸ்டர்ல எழுதணும், உங்க ஸ்டேட் சட்டத்த தனியா பாத்துக்கணும்.

சுடுறதுக்கு முன்னாடி பழைய துப்பாக்கி தெரிஞ்ச கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்)கிட்ட ஒரு தடவ காட்டிருங்க. காலிபர் (எந்த அளவு தோட்டா) என்னன்னு கண்டிப்பா பாக்கணும், 7.65 லூகரும் இருக்கு 9 எம்எம் லூகரும் இருக்கு. ஸ்பிரிங் எல்லாம் வயசானது, புதுசு போட்டுட்டு பழச ஒரு கவர்ல போட்டு பத்திரமா வைங்க. மேகசினும் அப்படித்தான், ஒரிஜினல எடுத்து வெச்சுட்டு மெக்-கார் கம்பெனி மாதிரி புதுசுல சுடுங்க. தோட்டா சாதாரண 9 எம்எம் உருண்ட மூக்கு ஃபுல் மெட்டல் ஜாக்கெட், குண்டு எடை 115 இல்லன்னா 124 கிரெய்ன் போதும். +பி (சாதாரணத்த விட அதிக அழுத்தம் குடுக்குற தோட்டா) வேண்டவே வேண்டாம், இந்த இரும்பு அதுக்கு செஞ்சது இல்ல. ரொம்ப பவர் கம்மியா இருந்தாலும் டாகிள் முழுசா பின்னாடி வராம சிக்கும்.

இன்னொண்ணு, இத லேசா எடுத்துக்காதீங்க. லூகரோட சியர், அதாவது சுடுற ஊசிய பிடிச்சு வெச்சு விடுற கம்பி, ரிசீவர் பக்கவாட்டுல இருக்கு. சேம்பர்ல (பேரலோட பின்னாடி தோட்டா உக்கார்ற இடம்) ஒரு தோட்டா இருந்து, மேல் பாகத்த மட்டும் கழட்டி கையில வெச்சு அந்த சியர அமுக்கினா கூட வெடிக்கும். எக்ஸ்ட்ராக்டர் தூக்கிட்டு "கெலாடன்"னு எழுத்து தெரிஞ்சா உள்ள தோட்டா இருக்குன்னு அர்த்தம், அது தெரியலன்னாலும் மேகசின எடுத்து, டாகிள இழுத்து, கண்ணால பாத்துட்டுத்தான் கழட்டணும்.

கழட்டும்போது இடது பக்க மரப்பிடிய அவசரப்பட்டு இழுக்காதீங்க, சேஃப்டி லீவர் கிட்ட மரம் பேந்துரும். சுட்டு முடிச்சதும் துடைச்சு மெலிசா எண்ணெய் போடுங்க. பழைய தோல் ஹோல்ஸ்டர் கூட வந்திருந்தா அத தனியா வைங்க, உள்ள போட்டு மாசக்கணக்குல விட்டா தோல் ஈரத்த இழுத்து துரு பிடிச்சிரும்.