கையெழுத்துப் பத்திரிகைக்குப் பிரோன்கோவாவைப் பற்றி எழுதும் முறை

கும்பகோணம், திருவையாறு வட்டாரப் பள்ளிகளின் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பல்கேரிய டென்னிஸ் வீராங்கனை ஸ்வெட்டானா பிரோன்கோவாவைப் பற்றி எழுத விரும்பும் மாணவர், அவர் 1987இல் பிளவ்டிவ் நகரில் பிறந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டு, நேராக விம்பிள்டனுக்குச் செல்லலாம். அங்கே 2010ஆம் ஆண்டுக் காலிறுதியில் வீனஸ் வில்லியம்ஸை 6-2, 6-3 என வென்ற அவர், மறு ஆண்டு நான்காம் சுற்றிலும் அதே வீனஸை அதே கணக்கில் வீழ்த்தினார். இந்த ஒற்றுமையை விட்டுவிடக் கூடாது. தகுதிச் சுற்றிலிருந்து நுழைந்து 2014இல் சிட்னி பட்டம் வென்றதைச் சுருக்கமாகக் குறித்தால் போதும்.

அதிக இடம் தர வேண்டியது, அவர் ஆட்டத்தை விட்டு விலகியிருந்த 2017க்குப் பிந்தைய இடைவெளிக்கே. மகனைப் பெற்று வளர்த்ததோடு, பிரோனெட்டிக் என்ற பெயரில் உடைத் தொழிலையும் அவர் தொடங்கிய காலம் அது. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே ஈர வயலில் உளுந்து தெளித்துவிடும் நம் ஊர்க்காரர்களுக்கு, ஒன்று முடியும் முன்பே அடுத்ததை விதைக்கும் இந்தப் போக்கைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

மூன்றாண்டுகள் கழித்து ஆடிய 2020 அமெரிக்க ஓப்பனில் ஸ்பெயின் வீராங்கனை முகுருசாவை வென்று காலிறுதிக்குச் சென்றதையும், அங்கே வீனஸின் தங்கை செரீனாவிடமிருந்து முதல் செட்டைப் பறித்த பின்னரே தோற்றதையும், தலைப்புக்குக் கீழே பெட்டிச் செய்தியாக அமைப்பதே சிறப்பு என்பது என் கருத்து.