டோலி வரவழைக்காமல் வெள்ளியங்கிரி ஏறி இறங்க

கோவையை அடுத்த வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளில் ஆறாவது மலையில் ஒருவர் சுருண்டு விழுந்தால், அவரைப் பூண்டி அடிவாரம் வரை தூக்கித்தான் வர வேண்டும். வண்டிப் பாதை கிடையாது. கழியில் கட்டிய டோலியும் அதைச் சுமக்கும் தோள்களும்தான். எழுபது கிலோ ஆளைப் படியில் இறக்க ஒரு நேரத்தில் நான்கு பேராவது வேண்டும். தோள் மாற்ற இன்னும் நால்வர். இரவென்றால் முன்னால் விளக்குப் பிடிக்க ஒருவர். ஒன்பது பேருக்குப் பல மணி நேர வேலை. அடிவாரத்து மலைவாழ் மக்கள், சீசனில் சுமை தூக்குபவர்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள், அந்த நேரத்தில் அந்த வழியாக வந்த பக்தர்கள் ஆகியோரே பெரும்பாலும் அந்த ஒன்பது பேர். வழுக்கும் படியில் அவர்களுடைய முழங்காலுக்கும் முதுகுக்கும் உத்தரவாதம் இல்லை.

விழுபவர்களில் பலருக்கு வந்தது திடீர் விபத்து அல்ல. மலையேறும் முன்பே, வீட்டிலேயே கண்டுபிடித்திருக்கக்கூடிய கோளாறு. அதனால் இந்தக் குறிப்பின் பாதி அடிவாரத்துக்கு வருவதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது.

ஆறு வாரத்துக்கு முன்

அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஆறு கிலோமீட்டர்தானே என்று தூரத்தை வைத்துக் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. உயரத்தைப் பாருங்கள். செங்குத்தாக ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்தாலும் முந்நூறு மாடியைத் தாண்டும். பழனி மலையின் 693 படிகளை ஏறியவர்களுக்கு இன்னொரு கணக்கு: ஏறக்குறைய எட்டுப் பழனி, ஒன்றன்மேல் ஒன்றாக.

சமதளத்தில் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. வாரத்துக்கு மூன்று நாள் படி ஏறுங்கள். முதல் வாரம் இருபது நிமிடம், பிறகு வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் கூட்டுங்கள். நான்காவது வாரத்திலிருந்து முதுகில் ஐந்து கிலோ பை. லிஃப்டில் இறங்காதீர்கள், தொடைத் தசை பழகுவது படியில் இறங்கும்போதுதான், மலையில் கால் நடுங்கி விழுவதும் இறக்கத்தில்தான். ஆறாவது வாரக் கடைசியில் ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஏறி இறங்க முடியாதவர் அந்த ஆண்டு பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி. சீசன் பிப்ரவரியில் தொடங்கி மே வரை இருக்கிறது. இன்னொரு மாதம் பயிற்சி எடுக்க இடம் உண்டு.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், பிபி, சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் ஏறக் கூடாது. ஈசிஜி எடுத்தேன், நார்மல் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி, இதயம் வேகமாகத் துடிக்கும்போது ரத்த ஓட்டம் போதுமானதா என்று சொல்லாது. டிரெட்மில் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். "மலையேறப் போகிறேன், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "கோயிலுக்குப் போகிறேன்" என்றால் அவர் சரியென்று தலையாட்டிவிடுவார்.

விரதம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு ஏறினால் நடுவழியில் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும். விரதம் என்று பிபி மாத்திரையை நிறுத்தினாலும் ஆபத்து. மாத்திரை நேரத்தையும் அளவையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

மொத்த எடை ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். வழியில் சுனைகள் உண்டு, ஆனால் வறண்ட ஆண்டில் கடைசி மாதங்களில் நம்ப முடியாது. ஒரு லிட்டருக்குக் கரைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றும், குமட்டும். பார்ப்பவர்கள் இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையை மோசமாக்குவார்கள். கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம் போதும். பிளாஸ்டிக் உறைகளை அடிவாரச் சோதனையில் பிரித்து எடுத்துவிடுவார்கள், முன்பே துணிப்பையில் போட்டுவிடுங்கள்.

நெற்றியில் மாட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று, மாற்று பேட்டரியோடு. செல்போன் டார்ச்சை நம்பி ஏறும் பத்துப் பேர் குழுவில் நள்ளிரவுக்குள் ஆறு போன் அணைந்திருக்கும். உதவி கேட்க வேண்டிய கருவி விளக்காகவே செலவாகிவிடும். தவிர, ஒரு கையில் போன், இன்னொரு கையில் தடி என்றால் சறுக்கும்போது பிடிக்கக் கை இல்லை.

ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும். அதன்மேல் காற்று. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு ஐந்தாவது மலையில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பல் கிட்டிக்கும். தண்ணீர் புகாத உறைக்குள் உலர்ந்த சட்டை, துண்டு, ஸ்வெட்டர், குல்லாய். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடியோடு கோடை மழை வரும், மழைக்கோட்டும் வேண்டும். குடை அந்தக் காற்றில் நிற்காது.

வேண்டுதலுக்காக வெறுங்காலில் ஏறுபவர்களைத் தடுக்க முடியாது. அவர்களும் பையில் ஒரு ஜோடி பழகிய செருப்போ ஷூவோ வைத்திருக்கலாம். வெயில் ஏறிய பாறையில் பாதம் கொப்பளித்தவருக்கும் டோலிதான் வர வேண்டியிருக்கும். புது ஷூ வேண்டாம். கால் நகத்தை இரண்டு நாள் முன்னதாக வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் விரல் முட்டி நகம் பெயர்வது குறையும். மூங்கில் தடி கட்டாயம். மார்பளவு உயரம் இருந்தால் இறக்கத்தில் உதவும்.

முதல் மலையிலேயே முடிவு

வெள்ளை விநாயகர் கோயில் வரையான முதல் மலை செங்குத்தான படிகள். மற்ற மலைகளில் எப்படி இருப்பீர்கள் என்பதை இதுவே காட்டிவிடும். இரவெல்லாம் வண்டியில் வந்து, ஓட்டலில் வயிறு முட்டச் சாப்பிட்டு, தூங்காமல் ஏறத் தொடங்குபவர்கள் இங்கேயே வாந்தி எடுக்கிறார்கள். குறைந்தது ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு, லேசான சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் விட்டு ஏறுங்கள்.

வேகத்துக்கு அளவுகோல் எளிது. பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும். "அரோகரா" மட்டும்தான் வாயில் வருகிறது என்றால் வேகம் அதிகம். குழுவில் மெதுவானவர் முன்னால், அடுத்து மெதுவானவர் கடைசிக்கு முன், பலமானவர் கடைசியில். இளைஞர்கள் முன்னே ஓடி ஆறாவது மலையில் காத்திருக்கும் வழக்கத்தால்தான் மாமாவும் சித்தப்பாவும் தனியே பாதியில் விழுகிறார்கள்.

விநாயகர் கோயிலில் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். அதற்குப் பிறகும் மூச்சிரைப்பு அடங்காவிட்டால், தலைசுற்றினால் திரும்புங்கள், கூட ஒருவர் இறங்கட்டும். நெஞ்சு, இடது தோள், தாடை, மேல்வயிறு இவற்றில் இறுக்கமோ பாரமோ வலியோ வந்தால், அதிலும் குளிர்ந்த வியர்வை சேர்ந்தால், அதை "கேஸ்" என்று சொல்லி சோடாவும் சுக்குக் காபியும் குடித்துவிட்டு ஏறாதீர்கள். மலையில் போகும் உயிர்களில் சில இந்த சோடாவில் போனவை. வலி வந்த இடத்திலேயே உட்கார வைத்து ஆள் அனுப்ப வேண்டும்; முதல் மலை என்றாலும் அவரைப் படி இறங்கச் சொல்லக் கூடாது.

குறுக்குவழி வேண்டாம். போளுவாம்பட்டி வனச்சரகக் காடு யானைக் காடு. யாருக்கும் தெரியாத தடத்தில் போனவரைத் தேட எங்கே தொடங்குவதென்றே தெரியாது. தீ விஷயமும் அப்படித்தான்: ஏறும் மாதங்கள் புல் காய்ந்த மாதங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஹெலிகாப்டர் வருவதற்கு முன் அவர்களைத் தூக்கி வந்தவர்களில் உள்ளூர் மக்களும் உண்டு. பீடி, அடுப்பு, பாதையோரக் கற்பூரம் எதுவும் வேண்டாம்.

ஆண்டி சுனையும் இறக்கமும்

ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் முங்கி எழுவது வழக்கம். விடியலுக்கு முன் அந்த நீர் உறைய வைக்கும். மணிக்கணக்கில் ஏறிச் சூடேறிய உடம்பு அதில் சட்டென்று மூழ்கினால் மூச்சு திணறும், ரத்த அழுத்தம் எகிறும், பலவீனமான இதயம் தாளம் தப்பும். இருபது நிமிடம் ஆறிய பிறகு கை, கால், முகம், பிடரி என்று நனையுங்கள். இதயநோய், பிபி உள்ளவர்கள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். குளித்தவர் ஈர வேட்டியோடு ஏழாவது மலை ஏறக் கூடாது. உடனே துவட்டி உலர்ந்ததை உடுத்த வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, நாக்கு குழறி, தூக்கம் வருகிறது என்றால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அது உடல் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டதன் அடையாளம்.

தரிசனம் முடிந்ததும் எல்லோருக்கும் அவசரம். முழங்காலை லேசாக மடக்கி, பாதத்தைக் குறுக்காக வைத்து, தடியைக் கீழ்ப்படியில் ஊன்றிய பிறகே காலை இறக்குங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை உட்காருங்கள். கணுக்கால் பிசகினால் ஷூவைக் கழற்றாமல் மேலேயே துணியால் இறுக்குங்கள். நான்கு அடி ஊன்றி நடக்க முடிந்து, கணுக்கால் எலும்பின் மேல் அழுத்தினால் கூர்மையான வலி இல்லையென்றால் முறிவாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இருவர் தாங்க மெதுவாக இறங்கிவிடலாம். டோலியை நடக்கவே முடியாதவருக்கு விடுங்கள்.

ஒருவர் விழுந்துவிட்டால்

கூப்பிட்டுப் பதில் இல்லை, சரியாக மூச்சும் இல்லை என்றால் மார்பின் நடுவில் ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் மாறுங்கள். டோலியில் வைத்துக்கொண்டு அழுத்த முடியாது. ஆகவே "முதலில் கீழே கொண்டுபோவோம்" என்று தூக்கிக்கொண்டு ஓடினால் அவரைக் காப்பாற்றும் ஒரே வேலை நின்றுபோகும். நினைவோடு இருக்கும் சர்க்கரை நோயாளிக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சிக்னல் கிடைத்தால் 108 அல்லது 112. உங்கள் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் வழியாக 112 போகும். கிடைக்காவிட்டால் இருவரைக் கீழே அனுப்புங்கள், ஒருவரை அல்ல. வாய்மொழியாகச் சொன்னால் பாதி மாறிவிடும், தாளில் எழுதிக் கொடுங்கள்: எத்தனையாவது மலை, பக்கத்தில் சுனையா குகையா பாறையா; வயது; நினைவு, மூச்சு, வலி எப்படி; எத்தனை மணிக்கு விழுந்தார்; என்ன மாத்திரை சாப்பிடுகிறார்; எடை சுமார் எவ்வளவு. கடைசித் தகவலை யாரும் சொல்வதில்லை. தொண்ணூறு கிலோ ஆளுக்கு நால்வர் வந்தால் பாதி வழியில் இன்னும் நால்வருக்காகக் காத்திருக்க நேரும்.

டோலி வரும்போது வழியில் இருக்கும் மற்றவர்கள் மலைச்சரிவை ஒட்டிய உட்புறம் ஒதுங்க வேண்டும், பள்ளத்தின் பக்கம் அல்ல. சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி கூட்டத்தில் இது மட்டுமே அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். வீடியோ எடுக்கும் கைகள் ஒரு தடியையாவது வாங்கிக்கொள்ளலாம்.

கீழே வந்த பிறகு

அடிவாரத்தில் மோர் குடித்துத் தெளிந்துவிட்டார் என்று காரில் ஏற்றி ஊருக்குக் கூட்டிப்போகாதீர்கள். நெஞ்சுவலி வந்தவருக்கு அன்றே ஈசிஜியும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுக்க வேண்டும். முதல் முறை சரியாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்து மீண்டும் எடுப்பார்கள். அதுவரை அவர் வண்டி ஓட்டக் கூடாது.

காணவில்லை என்று நீங்கள் வனத்துறையிடம் சொன்ன ஆள் தானாக வந்து சேர்ந்துவிட்டால், அல்லது வேறு வழியில் இறங்கி வீட்டுக்கே போய்விட்டால், அதே சோதனைச்சாவடிக்கு அந்த நிமிடமே தகவல் சொல்லுங்கள். மேலே விளக்கோடு தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு அது தெரியாது.