மசாய் மாராவுக்குக் கேமராவோடு கிளம்புகிறீர்களா? தெருநாயிடம் தொடங்குங்கள்

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் முதல் நாள் மாலை நான் எடுத்தது 800 படங்களுக்கு மேல். இரவு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் தேறியது நாலைந்து. ஒரு சிவிங்கிப்புலி (ஆங்கிலத்தில் சீட்டா) கரையான் புற்றின் மேல் ஏறி அசையாமல் நின்று போஸ் கொடுத்தது, அதுகூடக் கலங்கிப்போயிருந்தது. கேமராவைக் குறை சொல்ல முடியாது. ஜீப்பின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த உதறல் பாதி, ஷட்டர் வேகம் (ஒரு படத்துக்கு ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது) எவ்வளவு என்றே பார்க்காமல் நான் அழுத்திக்கொண்டிருந்தது மீதி. அதனால் இந்த விளக்கத்தை விமான டிக்கெட்டிலிருந்து தொடங்காமல் உங்கள் தெருவிலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: ஒரு மாதம் முன்பே, காக்கை, கொக்கு, தெருநாய்

கேமராவுக்குக் கறுப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படம் முழுக்க நிறையும்படி ஒரு காக்கையை எடுத்துப் பாருங்கள், வெளிறிப்போய் வரும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, மைனஸ் 1 பக்கம் நகர்த்தினால் காக்கை மறுபடி காக்கையாகும். வயலில் நெருக்கமாக நிற்கும் கொக்குக்கு நேர் எதிர், பிளஸ் பக்கம் போக வேண்டும். ஆனால் கறுத்த பின்னணியில் கொக்கு சின்னதாகத் தெரிந்தால் கேமரா அந்தக் கறுப்பைப் பார்த்து ஏமாந்து, கொக்கை வெறும் வெள்ளைத் தாளாக்கிவிடும். மாராவில் இது உங்களுக்கு நிச்சயம் வரும்: கன்னங்கரேல் என்று ஒரு காட்டெருமை, அதன் முதுகில் ஒரு வெள்ளைக் கொக்கு. அப்போது கொக்கின் பக்கம் நில்லுங்கள். எருமை கொஞ்சம் இருண்டால் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போன இறகை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

தெருநாய் எதற்கு என்றால் ஓட்டத்துக்கு. ஃபோகஸைத் தொடர் ஃபோகஸில், அதாவது நகரும் விலங்கை விடாமல் பின்தொடரும் முறையில், வையுங்கள். நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி என்றிருக்கும், கேனானின் பல மாடல்களில் ஏஐ சர்வோ. ஷட்டர் 1/1000 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு சென்சார் காட்டும் உணர்திறன்) ஆட்டோ, அபர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை) உங்கள் லென்ஸ் திறக்கும் அளவுக்குத் திறந்தபடி. சாயங்காலம் நாய்கள் ஒன்றையொன்று துரத்தும் நேரத்தில் போய் நின்று, கண்ணில் ஃபோகஸ் விழுகிறதா என்று ஒரு வாரம் பழகுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. இந்தப் பொத்தான்களை விரல் தானாகத் தேடிப் போகும் வரை பழகியவருக்குச் சிங்கம் ஒரு பெரிய விஷயமே இல்லை, அது நாளில் முக்கால்வாசி நேரம் தூங்கத்தான் செய்கிறது.

படி 2: பை கட்டுவது

100-400 மிமீ மாதிரி ஒரு ஜூம் லென்ஸ் போதும். ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் கேமராவில் 400 மிமீ, முழு ஃபிரேம் கேமராவில் கிட்டத்தட்ட 600 மிமீ காட்டும் பரப்பைத்தான் காட்டும். கூட ஒரு சின்ன லென்ஸ், இல்லாவிட்டால் உங்கள் ஃபோன். புழுதி பறக்கும் வண்டியில் லென்ஸ் மாற்றுவதைவிட அகலக் காட்சிக்கு ஃபோனை எடுப்பதே புத்திசாலித்தனம்.

டிரைபாட் வேண்டாம், ஜீப்பில் அதை விரிக்க இடமிருக்காது. தேவை ஒரு பீன் பேக்: திறந்த கூரையின் விளிம்பில் வைத்து அதன் மேல் லென்ஸைச் சாய்க்கும் மூட்டை. நான் கொண்டுபோனது வீட்டில் கிடந்த கல்யாண மஞ்சப்பை. காலியாக மடித்து எடுத்துப்போய், நைரோபியில் 2 கிலோ அரிசி வாங்கி நிரப்பி வாயைத் தைத்துவிட்டேன். (கென்யா 2017-லேயே பிளாஸ்டிக் கைப்பைகளைத் தடை செய்துவிட்டது, அதனால் மஞ்சப்பைக்கு அங்கே இன்னும் கூடுதல் மரியாதை.) நைரோபியிலிருந்து சிறு விமானத்தில் போவதானால் பொதுவாக 15 கிலோதான் அனுமதி, அதுவும் மெத்தென்ற பையில், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், இந்தியாவுக்குத் திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். ஸ்வெட்டரும் எடுங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கம்தானே என்று நினைத்தால் ஏமாறுவீர்கள், 1,500 மீட்டர் உயரத்தில் விடியற்காலை நன்றாகவே நடுங்கும்.

படி 3: வண்டியில்

பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறும். ஆண்டு முழுக்க ஆறரை மணி வாக்கில் உதிக்கிறது, ஏழரைக்கெல்லாம் அந்தப் பொன் வெளிச்சம் போய்விடும். ஆகவே விடிவதற்கு முன்பே செட்டிங்ஸ் எல்லாம் சரிபார்த்து மடியில் கேமராவோடு உட்கார்ந்திருக்க வேண்டும். 10 மணிக்கு மேல் புல்வெளியிலிருந்து கானல் எழும். தூரத்து விலங்கு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் படத்தில் தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல் வரும். எத்தனை லட்சம் லென்ஸுக்குக் கொடுத்திருந்தாலும் இதற்கு மருந்து கிடையாது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள்.

ஓட்டுநரிடம் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுங்கள்: “எனக்கு எல்லா விலங்கும் வேண்டாம், ஒன்று கிடைத்தால் அதோடு இருப்போம்.” பெரும்பாலான பயணிகள் பட்டியல் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், அவர்களுக்காகவே அவரும் ரேடியோவில் கேட்டுக் கேட்டு ஓட்டிப் பழகியிருப்பார். நின்றதும் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். மறுநாள் நாங்கள் ஒரு பெண் சிவிங்கிப்புலியோடு ஒரே இடத்தில் 3 மணி நேரம் இருந்தோம். முதல் மணி நேரம் அது படுத்தே கிடந்தது, ஏழெட்டு வண்டிகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. பிறகு புல்லுக்குள்ளிருந்து இரண்டு குட்டிகள் வந்து அதன் வாலோடு மல்லுக்கட்டின. இன்றைக்கும் என் சுவரில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். (இதைச் சிறுத்தை என்று எழுதாதீர்கள் ஐயா. கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கண்ணீர்க் கோடு இருந்தால் சிவிங்கிப்புலி.)

தடம் விட்டு வண்டியை உள்ளே இறக்கச் சொல்லிக் காசு நீட்டாதீர்கள், காப்பகத்தில் அது விதிமீறல்.

படி 4: ஆற்றங்கரை

ஜூலை முதல் அக்டோபர் வரை போனால், தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வரும் வில்டபீஸ்ட் (மாடு போன்ற தோற்றமுள்ள ஒரு வகை மான்) மந்தைகள் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வாய்ப்புண்டு. வாய்ப்புதான். கரை வரை வந்து, நான்கு மணி நேரம் யோசித்து, ஒரு வரிக்குதிரை மிரண்டதில் மொத்தக் கூட்டமும் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். மந்தை இறங்கும் வழியை மறித்து வண்டி நிற்கக் கூடாது. இறங்க ஆரம்பித்ததும் எல்லாரும் முதலையைத் தேடி முழு ஜூமுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் ஜூமைப் பின்னுக்கு இழுங்கள். புழுதியும் கரையும் தண்ணீரும் சேர்ந்தால்தான் அது ஆறு. 1/1600 நொடி, ஒரு விலங்கைப் பிடித்து அதையே பின்தொடருங்கள்.

படி 5: அந்தி மரம்

மாரா என்றால் மசாய் மக்கள் பேசும் மா மொழியில் புள்ளிபுள்ளியானது என்கிறார்கள், புல்வெளியில் அங்கங்கே மரம் நிற்பதால் வந்த பெயர். ஒற்றை மரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும் நிழலுருவப் படத்துக்கு வானத்தின் வெளிச்சத்தை அளந்து எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் மைனஸ் 1 அல்லது 2. ஒட்டகச்சிவிங்கி குறுக்கே நடந்தால் நான்கு கால்களும் தனித்தனியாகப் பிரியும் கணத்தில் அழுத்துங்கள், இல்லாவிட்டால் மேசைக்குக் கழுத்து முளைத்ததுபோல் இருக்கும்.

படி 6: மனிதர்கள்

மசாய் ஊர்களுக்குள் போகக் கட்டணம் உண்டு, படம் எடுக்க அதிலேயே அனுமதி அடங்குமா என்று வாசலிலேயே பேசிவிடுங்கள். சாலையோரம் மாடு மேய்ப்பவரை ஓடும் வண்டியிலிருந்து எடுப்பது எனக்கு உவப்பில்லை. நம் ஊர் நாற்று நடவை வெளிநாட்டுக்காரர் பஸ் ஜன்னல் வழியே எடுத்தால் எப்படி இருக்கும்? உள்ளே போனதும் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பேசுங்கள். குழந்தை என்றால் அம்மாவிடம் கேளுங்கள். உச்சி வெயிலில் அவர்கள் போர்த்தும் சிவப்பு ஷுக்காத் துணி மட்டும் பளீரென்று வந்து முகம் கறுத்துவிடும், குடிசை வாசலின் நிழலுக்கு வரச் சொன்னால் பக்கவாட்டு வெளிச்சம் முகத்தில் மெதுவாக விழும். எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அவர்கள் எதிரிலேயே அழித்துவிடுங்கள்.

படி 7: இரவு

கார்டிலிருந்து இரண்டு இடத்தில் நகல் எடுங்கள், கேமராத் திரையைப் பார்த்து எதையும் கழிக்காதீர்கள், அந்தச் சின்னத் திரை பொய் சொல்லும். பிறகு லென்ஸின் மேல் படிந்த புழுதியை ரப்பர் புளோயரால் ஊதி, அதற்கப்புறம்தான் துணி. துணியை முதலில் வைத்தால் மணல் கீறிவிடும். வாயால் ஊதுவது இன்னும் மோசம், நான் ஊதி, தெறித்த எச்சில் புள்ளி மறுநாள் காலை முழுக்க வெயிலுக்கு எதிராக எடுத்த ஒவ்வொரு படத்திலும் உட்கார்ந்திருந்தது.