சரிவில் நின்ற கார், திரும்பாத சாவி

குன்னூர்ச் சரிவில், முன்சக்கரத்தை ஓரக்கல்லில் முட்டவைத்து நிறுத்திய கார். காலையில் சாவி திரும்பவில்லை. பழுது இல்லை. சாவியை உருவியதும் ஸ்டீயரிங் தண்டின் பள்ளத்தில் ஓர் எஃகு முள் இறங்கி அதைப் பூட்டும். முறுக்கி நிற்கும் டயர் தண்டை அந்த முள்மேல் அழுத்திவிடுகிறது; முள் விலகாததால் சாவியும் திரும்பாது.

பிரேக்கை மிதித்தபடி ஸ்டீயரிங்கை இருபக்கமும் அசைத்தேன். ஒரு பக்கம் அசையவே இல்லை; மறுபக்கம் நூலளவு இடம் கொடுத்தது. இடங்கொடுத்த பக்கமே இடக்கையால் இழுத்துப் பிடித்து, வலக்கையால் சாவியை மெல்லத் திருப்பினேன். ‘டக்’கென்று விட்டது.

முரட்டுத்தனமாகத் திருகினால் சாவிதான் உடையும். துவாரத்தில் எண்ணெய் வேண்டாம், தூசி ஒட்டும். கிராஃபைட் தூள் கொஞ்சம் போதும்.

பெட்ரோலை மிச்சம்பிடிக்க ஊட்டி அருகே கல்லட்டி மலை இறக்கத்தில் இன்ஜினை அணைப்பவர்கள் உண்டு. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். சாவியையும் உருவினால், வளைவில் இதே முள் விழும்.