பல் ஊசியின் மரப்பு தெளியவில்லையா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

பெங்களூரில் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு இறங்கினால் எதிரிலேயே ஒரு தர்ஷினி, அதாவது நின்றபடியே சாப்பிடும் சின்ன ஓட்டல், இருக்கும். "சூடா ஒரு பை டூ காபி குடிச்சா மரப்பு போயிடும்" என்று உள்ளே நுழைவதுதான் முதல் தவறு. போகாது. சூடு உறைக்காததால் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் வெந்துபோகும், ராத்திரிதான் எரிச்சல் தெரியும்.

வழக்கமாகப் போடும் ஊசியில் மரத்துப்போகச் செய்யும் 2 சதவீத லிக்னோகெயினோடு அட்ரினலினும் இருக்கும். அது ரத்தக் குழாயைச் சுருக்கி, மருந்து சீக்கிரம் கரைந்து போகாமல் பிடித்துவைக்கும். அதனால் பல் 1 மணி நேரத்தில் தெளிந்தாலும் கீழுதடும் நாக்கும் 3 முதல் 5 மணி நேரம் மரத்தே கிடக்கும். அதிக நேரம் நிற்கும் பூபிவாகெயின் என்ற மருந்து என்றால் 8 மணி நேரத்தைத் தாண்டலாம். என்ன மருந்து என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

சீக்கிரம் தெளிய மருந்தும் உண்டு: ஃபென்டோலமைன். அமெரிக்காவில் 2008இல் அனுமதி பெற்றது. சுருங்கிய குழாயை விரித்து, மரப்பு நேரத்தை ஏறக்குறைய பாதியாக்கும். டாக்டர்தான் அதே இடத்தில் ஊசியாகப் போட வேண்டும். இதய நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேய்ப்பதும் வெந்நீர் ஒத்தடமும் இதற்கு ஈடாகாது. பல் பிடுங்கியிருந்தால் ரத்தக்கசிவுதான் கூடும்.

குழந்தைகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். உதடு ரப்பர் போலிருக்கிறதே என்று கடித்துக்கொண்டே இருப்பார்கள். மறுநாள் உதடு வீங்கி, உட்புறம் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். சீழ் என்று பதறி ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கடிபட்ட புண்மேல் படியும் படலம். சுரண்டாதீர்கள். குளிர் ஒத்தடம் கொடுத்து, உதட்டில் வாஸ்லின் தடவினால் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும். காய்ச்சல் வந்தாலோ வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ டாக்டரிடம் காட்டுங்கள். மரப்பு தெளியும்வரை சாப்பாடு வேண்டாம், பக்கத்திலேயே இருங்கள்.

வலி மாத்திரையை வலி வந்தபின் போடலாம் என்று வைத்திருக்காதீர்கள். டாக்டர் சொன்ன அளவை மரப்பு இருக்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாளும் மரத்திருந்தால் மருந்துக்கடையில் பி-காம்ப்ளெக்ஸ் வாங்கிக் காத்திருக்கக் கூடாது. நரம்பு சீண்டப்பட்டிருக்கலாம். பெரும்பாலும் 8 வாரத்துக்குள் சரியாகிவிடும் என்றாலும் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். கண்ணாடி முன் பஞ்சால் தொட்டுப் பார்த்து, உணர்வற்ற இடத்தின் எல்லையைத் தேதியோடு வரைந்து வையுங்கள். எல்லை சுருங்குகிறதா என்பதை வைத்துத்தான் அடுத்த முடிவு.